காலிக் கல்லறை பன்: மார்ஷ்மெல்லோ ஒழுகுது, என்ன செய்யலாம்?

கேள்வி (ராயபுரம்):
தோத்திரம். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ஞாயிறு பள்ளியில 12 பிள்ளைங்களோட காலிக் கல்லறை பன் போடணும். மார்ஷ்மெல்லோவை (பஞ்சு மாதிரி சர்க்கரை மிட்டாய்) உருக்கின வெண்ணெயில முக்கி, பட்டைத்தூள் சர்க்கரையில புரட்டி, மாவுக்குள்ள மூடி சுடுவோம்; அது உருகி பன்னுக்குள்ள காலிக் குழி விழும். மார்ஷ்மெல்லோ வெளிய ஒழுகி தட்டுல கருகுது. ஓவன் இல்ல, கேஸ் அடுப்புதான்.

பதில் 1:
அக்கா, குற்றவாளி வெண்ணெய்தான். மார்ஷ்மெல்லோவை அதுல முக்கின விரலாலேயே மாவை மூடினா ஓரம் ஒட்டவே ஒட்டாது. முக்க ஒரு பிள்ளை, மூட வேற பிள்ளை. ஓரத்துல தண்ணி தொட்டு, பூரணக் கொழுக்கட்டை மாதிரி குவிச்சுக் கிள்ளி, கிள்ளின பக்கம் அடியில வைங்க. மைதா 300 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 டீஸ்பூன், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், வெதுவெதுப்பான பால் 180 மி.லி., வெண்ணெய் 30 கிராம், உப்பு அரை டீஸ்பூன். நம்ம ஊர் வெக்கைக்கு 40 நிமிஷத்துலயே உப்பிடும், விட்டா புளிச்சிடும். பெரிய மார்ஷ்மெல்லோவே வாங்குங்க, குட்டியில குழி விழாது.

பதில் 2:
அடிகனமான பாத்திரத்துல 2 கப் கல்லுப்பு, மேல ஸ்டாண்டு. மூடி 10 நிமிஷம் காயவிட்டு, பன் தட்டை வச்சு சிறுதீயில 25 நிமிஷம். முதல் 15 நிமிஷம் திறக்காதீங்க, அமுங்கிடும். மேல செவக்காது, பரவாயில்ல. ஆறினப்புறம்தான் பிக்கணும், உருகின சர்க்கரை நாக்கைப் பொசுக்கிடும்.

பதில் 3:
பட்டைத்தூளும் சர்க்கரையும் புரட்டும்போது யோவான் 19:39-40, மாற்கு 16:1 வாசிங்க. சுகந்தவர்க்கம் (அடக்கத்துக்குப் பயன்படுத்தற வாசனைப் பொருள்) எதுக்குன்னு புரியும். மார்ஷ்மெல்லோ இயேசுவோட உடல், மாவுதான் கல்லறை. ஆனா "இயேசு உருகிட்டாரு"ன்னு ஏதாவது வாண்டு சொல்லும்! பிக்கறப்போ "கல்லறை காலி"ன்னு மட்டும் சொல்லுங்க.