பெண் கங்காணி வந்தால் தராசு நேராகுமா?

கொழுந்துக்கூடை:
"பெண் மேற்பார்வை பார்த்தால் தோட்டத்தில் ஒழுங்கு இருக்காது, ஆட்களும் நிற்க மாட்டார்கள்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. என் அம்மா இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் 31 வருடம் கொழுந்து எடுத்தவர். மேற்பார்வைக்கு ஆண் கங்காணி இருந்த காலமெல்லாம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒவ்வொரு நிறுவைக்கும் 2 கிலோ கழித்தார்கள். கடைசி மூன்று வருடம் ஒரு பெண் கங்காணி. அந்தக் கழிவு நின்றது. கைப்பிள்ளைக்காரி பால் கொடுக்க, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குப் போனால் முகம் சுளிக்க மாட்டார். அந்த மூன்று வருடமும் எங்கள் லயத்து வீடுகளிலிருந்து ஒருத்தியும் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போகவில்லை.

கணக்கப்பிள்ளை பேரன்:
2 கிலோவா? எந்தத் தோட்டத்தில்? சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பது எங்கும் உள்ளதுதான். என் தாத்தா தராசடியில் நின்றவர். 1 கிலோவுக்கு மேல் அவர் கழித்ததே இல்லை.

கொழுந்துக்கூடை:
2 கிலோ. காலை, பகல், அந்தி என்று மூன்று நிறுவை. ஆக 6 கிலோ. எங்கள் தோட்டத்தில் 18 கிலோ இருந்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். 20 கிலோ எடுத்தவளுக்கு 14 என்று எழுதி அரைப்பேர் போட்டார்கள். 2021ல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது என்று எல்லோரும் கொண்டாடினீர்களே, அரைப்பேர்க்காரிக்கு அது எத்தனை ரூபாய் என்று யாராவது கேட்டீர்களா?

ஊவாக்காரன்:
பெண் என்றால் நியாயம் தானாக வந்துவிடுமா? பண்டாரவளையில் தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிஷனிலும் பெண் கங்காணிதான். நல்ல தேயிலை நிரை எல்லாம் அவருடைய சொந்தக்காரர்களுக்கு. மற்றவர்களுக்குச் சரிவும் அட்டைக்கடியும். என் அக்கா அதனால்தான் தோட்ட வேலையையே விட்டார்.

டீச்சரம்மா:
ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி வந்ததே 1984ல்தான். அதற்கு முன் ஒரே மலையில் நின்றும் பெண்ணுக்குக் குறைவுதான். 1992ல் கம்பெனிகள் நிர்வாகத்தை எடுத்த பிறகும் தோட்ட மேலதிகாரிகளான துரை, சின்னத்துரை, கண்டக்டர் எல்லாம் பெரும்பாலும் ஆண்கள்தான். மேலே இருப்பவர் கிலோ கேட்டு நெருக்கினால் கீழே இருக்கும் கங்காணி, ஆணோ பெண்ணோ, என்ன செய்வார்?

கணக்கப்பிள்ளை பேரன்:
டீச்சர், 1984 இருக்கட்டும். அந்த 2 கிலோவுக்கு முதலில் பதில் வரட்டும். 1 கிலோதான்.

கொழுந்துக்கூடை:
உங்கள் தாத்தா தராசுக்கு அந்தப் பக்கம் நின்றவர். என் அம்மா இந்தப் பக்கம். அந்தப் பக்கம் 1 கிலோவாகத் தெரிந்தது இந்தப் பக்கம் 2 கிலோ.

கணக்கப்பிள்ளை பேரன்:
தாத்தாவை இழுக்காதீர்கள். அவர் செத்த அன்று மூன்று டிவிஷன் சனமும் வந்து அழுதது. நீங்கள் கொழும்புப் பக்கம் வத்தளையில் இருந்துகொண்டு எழுதுகிறீர்கள். வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் விடிய ஆறரைக்கு நின்றிருக்கிறீர்களா?

கொழுந்துக்கூடை:
பள்ளிக்கூட லீவு நாளெல்லாம் கைக்காசுக்கு நின்றிருக்கிறேன். போன மாசியில், மன்மதன் ரதி கதையை ஆடும் காமன் கூத்துப் பேச்சு வந்தபோதும் இதையேதான் செய்தீர்கள். ரதி வேடம் பெண் கட்டினால் என்ன என்று கேட்டதற்கு, வத்தளைக்காரிக்கு இது எதற்கு என்றீர்கள். இன்னும் மறக்கவில்லை.

ஊவாக்காரன்:
ரதி வேடம் ஆண்தான் கட்ட வேண்டும். அது நேர்த்திக்கடன். அதைக் கொண்டுவந்து தராசோடு கட்டாதீர்கள்.

டீச்சரம்மா:
பேச்சு எங்கே போகிறது? என்னிடம் படித்த பிள்ளைகள் ஓ.எல். பரீட்சை முடித்த கையோடு கார்மெண்ட் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். தோட்டத்தில் மரியாதை இல்லை என்பதுதான் அவர்கள் சொல்லும் முதல் காரணம். அதைப் பேசுங்கள்.

கணக்கப்பிள்ளை பேரன்:
பேசலாம். 1 கிலோ என்று ஒத்துக்கொள்ளட்டும்.

கொழுந்துக்கூடை:
அம்மாவின் கொழுந்து அட்டைகள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை போய்ப் படம் எடுத்துப் போடுகிறேன்.

கணக்கப்பிள்ளை பேரன்:
போட்டு என்ன பயன்? கழித்தது போக மிச்சம்தான் அட்டையில் எழுதுவார்கள். கழித்தது எங்கும் இருக்காது.

கொழுந்துக்கூடை:
அப்படியென்றால் 1 கிலோ என்று நீங்கள் எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?

கணக்கப்பிள்ளை பேரன்:
தாத்தா சொன்னார்.

கொழுந்துக்கூடை:
என் அம்மாவும்தான் சொன்னார். 2 கிலோ.

ஊவாக்காரன்:
கொழுந்துக்கூடை, கூத்தைப் பற்றிச் சொன்னதை இன்னும் நீங்கள் திரும்பப் பெறவில்லை.