ஜனவரியில் கொழுக்குமலை, டென்டில் படுக்கை: மூன்றாவது கம்பளி போதுமா?

மதுரைப் பையன்:
பொங்கல் லீவில் நாலு பேர் மூணாறு பக்கம் சூரியநெல்லி போகிறோம். இரண்டு ராத்திரி டென்டில், விடிகாலை ஜீப்பில் ஏறி கொழுக்குமலையில் சூரிய உதயம். நான் மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவன், மார்கழியில் ஃபேனை ஒரு பாயிண்ட் குறைப்பதுதான் எனக்குத் தெரிந்த குளிர். போன வருடம் கொடைக்கானலில் இதே மாதிரி டென்டில் படுத்து, இரண்டு கம்பளி போர்த்தியும் முதுகு சில்லிட்டுப் போய் மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவை மூன்றாவது கம்பளி எடுத்துப்போனால் சமாளிக்கலாமா? கூட வருபவர்களில் ஒருவனுக்கு வீசிங் உண்டு. சின்னதாக ஒரு கரி அடுப்பு வாங்கி டென்டுக்குள் வைத்துவிடலாம் என்று என் தம்பி சொல்கிறான்.

நீலகிரிக்காரன்:
தம்பி, முதுகுதானே சில்லிட்டது? அப்புறம் எதற்கு மேலே மூன்றாவது கம்பளி? கீழே விரியுங்கள். கம்பளியோ ஸ்லீப்பிங் பேகோ, அதற்குள் இருக்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது, உங்கள் எடையில் அடிப்பக்கம் நசுங்கிவிட்டால் அங்கே காற்றும் இல்லை, சூடும் இல்லை, தரை ராத்திரி முழுக்க உங்கள் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஃபோம் மேட் இரண்டு போடுங்கள். இல்லையா, ஃபிரிட்ஜ் வரும் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அதன்மேல் யோகா மேட், ஜமுக்காளம். எங்கள் ஊரில் ராக்காவல் பார்ப்பவர்கள் சாக்கும் அட்டையும் இல்லாமல் படுக்கவே மாட்டார்கள்.

இன்னொன்று, டென்ட் போடும் இடம். குளிர்ந்த காற்று கனமானது, காற்று வீசாத, மேகம் இல்லாத ராத்திரியில் அது பள்ளத்தில் போய்த் தேங்கும். ஊட்டி பக்கம் தலைகுந்தாவில் புல்வெளி உறைபனியில் உப்புத் தூவினமாதிரி வெளுத்துக் கிடக்கும், கொஞ்சம் மேலே சரிவில் இருக்கும் தேயிலை தப்பித்திருக்கும். அதனால் ஓடைக் கரை, பள்ளம் வேண்டாம். மலை உச்சியும் வேண்டாம், காற்று பிய்த்துவிடும். நடுச்சரிவில் மறைவாக ஒரு இடம்.

போடி மாமா:
இவ்வளவு எதற்கு, படுக்கப்போகும்போது பிராந்தி ஒரு மூடி, காலை வரை அசையாமல் தூங்கலாம் :)

வார்டு சிஸ்டர்:
மாமா, அந்த அசையாத தூக்கம்தான் பயம். குடித்தால் தோலுக்கு அடியில் ரத்தக்குழாய் விரியும், சூடாக இருக்கிற மாதிரி தெரியும், உண்மையில் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். சுக்குக் காப்பி குடியுங்கள்.

மதுரைத் தம்பி, கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். டென்டுக்குள்ளும் வேண்டாம், வாசலிலும் வேண்டாம். புகை இல்லையே, வெறும் தணல்தானே என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வந்ததே, ஞாபகம் இல்லையா?

வீசிங் இருக்கிறவர் மூக்கையும் வாயையும் மஃப்ளரால் தளர்வாக மூடிக்கொள்ளட்டும், உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகும். இன்ஹேலரைப் பையில் போட்டு வெளியே வைக்காதீர்கள், டப்பா சில்லிட்டால் மருந்து சரியாகப் பீய்ச்சாது. சட்டைப்பையில் வைத்தே தூங்கச் சொல்லுங்கள். கிளம்பும் முன் ஒருதரம் டாக்டரையும் பார்த்துவிடட்டும்.

யாராவது வெடவெடவென்று நடுங்கினால் உடம்பு இன்னும் போராடுகிறது என்று அர்த்தம். நடுக்கம் நின்று, பேச்சு குழறி, நடை தள்ளாடினால் அது சரியாகிவிட்டது அல்ல, மோசமாகிறது. ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த துணி, கம்பளி சுற்றி, உடனே ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு. கை காலைத் தேய்த்துச் சூடேற்றுகிறேன் என்று இறங்காதீர்கள்.

மலையேறி:
சிஸ்டர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் போட்ட பனியன், சாக்ஸ் கண்ணுக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும் வியர்வை ஈரம் இருக்கும், எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் படுங்கள். இறுக்கமான சாக்ஸ் இரண்டு போடுவதைவிடத் தளர்ந்த சாக்ஸ் ஒன்று மேல். வெந்நீர் பாட்டிலை நன்றாக மூடி, துணி சுற்றித் தொடைக்கு நடுவே வைத்தால் விடியும் வரை கதகதப்பு. படுக்கும் முன் நாலு கடலை மிட்டாய். சிறுநீர் வந்தால் அடக்காமல் போய்விட்டு வாருங்கள், அடக்கிக்கொண்டு தூக்கம் வராது.

டென்ட் ஜிப்பை முழுதாக மூடாதீர்கள். நாலு பேர் மூச்சுக்காற்று துணியில் பட்டு நீராகி மேலேயே சொட்டும். தலையை ஸ்லீப்பிங் பேகுக்குள் நுழைத்தாலும் இதே கதைதான், குரங்குக் குல்லா போட்டு முகத்தை வெளியே விடுங்கள். ஸ்லீப்பிங் பேகை வாடகைக்கு எடுப்பதென்றால் அதில் கம்ஃபர்ட் என்று போட்ட டிகிரியைப் பாருங்கள், எக்ஸ்ட்ரீம் என்று போட்டிருப்பது உயிர் பிழைக்கிற கணக்கு, தூங்குகிற கணக்கு இல்லை.

உண்மையில் அந்த ஊரில் எனக்குக் குளிர் பிடித்தது டென்டில் இல்லை. விடிகாலை நாலு மணிக்குத் திறந்த ஜீப்பில்தான். காற்றுத் தடுக்கிற மாதிரி மழைக்கோட்டு ஒன்றை ஸ்வெட்டர் மேலேயே மாட்டிக்கொள்ளுங்கள்.

மதுரைப் பையன்:
எல்லாருக்கும் நன்றி. பக்கத்து எலக்ட்ரிக் கடையில் ஃபிரிட்ஜ் அட்டை இரண்டு சொல்லிவைத்தாயிற்று. தம்பி இரண்டு கிலோ கரி வாங்கியே வந்துவிட்டான், அதை இஸ்திரிக்கார அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன்.