அப்டேட்: ஒரு இங்க் பேனா நாலு ஆயிடுச்சு

போன வருஷம் முதல் இங்க் பேனா எது வாங்கலாம்னு கேட்டிருந்தேன்ல, நீங்க சொன்ன மாதிரி ஜெர்மனி கம்பெனி லாமியோட சஃபாரி, ஃபைன் நிப்ல (மெல்லிசா எழுதற முனை) தான் ஆரம்பிச்சேன். அடுத்து ஜப்பான் கம்பெனி பைலட்டோட மெட்ரோபாலிட்டன், அதுவும் ஃபைன் தான், ஆனா கோடு எவ்ளோ மெல்லிசு! ஜப்பான் நிப் பொதுவா ஐரோப்பிய நிப்பை விட சன்னமா எழுதும்னு அப்ப தான் புரிஞ்சுது. மூணாவது பிளாட்டினம் பிரெப்பி. கடைசியா வந்தது தான் என் உயிர், பழைய பார்க்கர் 51, 1941ல வந்த மாடல், நிப் முனை மட்டும் தான் வெளிய தெரியும், உள்ள பழைய இங்க் உறைஞ்சு கிடந்துது, மூணு நாள் பச்சைத் தண்ணில ஊறவெச்சு ஊறவெச்சு கழுவினேன் (வெந்நீர் மட்டும் வேணாம், பழைய பேனா உடம்பு கோணிடும்). முதல் வரி வழுக்கிட்டு போனப்ப கண்ணு கலங்கிடுச்சுங்க. இப்போதைக்கு பேனா போதும், அடுத்து நல்ல நீல இங்க் தேடறேன்.