வீட்டில் சண்டைப் பேச்சு ஓடும்போது நோட்டில் எழுதுவது உதவுமா?

தண்டையார்பேட்டை_பொண்ணு:
குரூப் 4-க்குப் படிக்கிறேன். ஹவுசிங் போர்டு வீடு, ஒரே ஹால், அதைத் தாண்டினால் சமையல்கட்டு. சாயங்காலம் 7 மணிக்கு பெரியம்மா வந்து உட்கார்ந்தால் சீட்டுப் பணம் போன கதை, அண்ணி பேசிய பேச்சு, யார் வீட்டுப் பெண் எங்கே போனாள் என்று பத்து மணி வரை ஓடும். நடுவில் என்னையும் இழுப்பார்கள், "நீயே சொல்லு, நான் சொன்னதுல என்ன தப்பு?" என்று. காதில் பஞ்சு வைத்தேன், திமிர் என்றார்கள். போன மாதத்திலிருந்து அவர்கள் பேசுவதை அப்படியே நோட்டில் எழுதுகிறேன். எழுதும்போது கோபம் வருவதில்லை, அது உண்மை. ஆனால் படுக்கும்போது எடுத்துப் படித்தால் மொத்தமும் திரும்ப ஏறுகிறது, தூக்கமும் போகிறது. பாடம் ஒரு பக்கம்கூட நகரவில்லை. எழுதுவதையே விட்டுவிடவா?

ஏலக்கணக்கு:
விடாதே தங்கச்சி, எழுதுகிற விஷயத்தை மாற்று. நான் காசிமேட்டில் மீன் ஏலத்துக்குக் கணக்கு எழுதுகிறவன். விடியற்காலையில் ஏலம் விடுகிறவர் கத்துவார், வாங்க வந்த அக்காமார் கத்துவார்கள், ஐஸ் வண்டிக்காரன் வழி கேட்டுக் கத்துவான், அதில் பாதி இங்கே எழுத முடியாத வார்த்தை. என் நோட்டில் படகு, மீன், எத்தனை கூடை, என்ன விலை, யார் பேரில், அவ்வளவுதான். வஞ்சிரத்துக்குச் சட்டையைப் பிடித்துக்கொண்டாலும் நோட்டில் விலைதான் ஏறும். வந்த புதுசில் நானும் சண்டையை வேடிக்கை பார்த்து இரண்டு கூடையை விட்டுவிட்டேன், கூலியில் பிடித்துக்கொண்டார்கள். நீ இப்போது பெரியம்மாவுக்குக் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கிறாய். புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை நினைவிலிருந்து எழுது. காது அந்தப் பக்கம் போனால் வரி பாதியில் நிற்கும், எங்கே விட்டோம் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

பெரம்பூர்வாசி:
அண்ணன் சொல்வது சரி. ஆனால் மனதில் இருப்பதைக் கொட்டவும் ஒரு இடம் வேண்டும். ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தங்களை உலுக்கிய சம்பவத்தைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனத்துத்தான் போனது. ஆனால் நடந்ததையும் அதன் வலியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் டாக்டரைப் பார்க்கப் போனது குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் எழுதியது தங்களைப் பற்றி, அதுவும் 4 நாள் மட்டும். நீங்கள் ஒரு மாதமாக அடுத்தவர் வசனத்தை எழுதுகிறீர்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும், எந்த வார்த்தை உங்களுக்குச் சுருக்கென்றதோ அதை மட்டும் எழுதிக் கிழித்துப் போடுங்கள். படுக்கப் போகிற நேரத்தில் வேண்டாம்.

ராயபுரம்_மருமகள்:
ஆளாளுக்கு எழுது எழுது என்கிறீர்கள். எங்கள் வீட்டில் பேனாவை எடுத்தாலே "என்ன, வக்கீல் நோட்டீசா?" என்பார்கள். முதலில் அந்த ஒரு மாத நோட்டை வீட்டை விட்டு வெளியேற்றும்மா. பெரியம்மா கையில் கிடைத்தால் அப்புறம் குரூப் 4 இல்லை, குரூப் சண்டைதான்.

தண்டையார்பேட்டை_பொண்ணு:
நோட்டு இப்போது தோழி வீட்டில். காலண்டர் தாள் இரண்டு நாள் எழுதினேன், மூன்றாம் நாள் எழுத ஒன்றும் இல்லை. நேற்று அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் ஆறையும் பார்க்காமல் எழுத உட்கார்ந்தேன். மூன்றாவதில் இருக்கும்போது பெரியம்மா "நீயே சொல்லுடி" என்றார். நான் நிமிராமல் "சுரண்டலுக்கு எதிரான உரிமை" என்று சொல்லிவிட்டேன். ஹாலே கப்சிப். அப்புறம் பெரியம்மா, "அதைத்தானே நானும் சொல்றேன், அந்த சீட்டுக்காரன் சுரண்டிட்டுப் போயிட்டான்!" என்று ஆரம்பித்தார். அந்த இடைவெளியில் மீதி மூன்றையும் எழுதிவிட்டேன்.