மக்காச்சோளம் ரொம்ப உயரம் போகிறது: எத்திபான் அடித்தால் மகசூல் கூடுமா, குறையுமா?

சோளத்தட்டை:
வணக்கம். கலப்பின மக்காச்சோளம், ஹெக்டேருக்கு 80,000 செடி. இந்த ரகம் பூக்கும்போது 2.8 மீட்டர் போகும், கதிர் 1.5 மீட்டரில் நிற்கும். மணி முற்றும் சமயத்தில் காற்றடித்தால் சாய்ந்துவிடுகிறது. எத்திபான் என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தைத் தெளித்து உயரத்தைக் குறைக்கலாம் என்கிறார்கள். செடி குட்டையானால் மகசூலும் குறையாதா? எப்போது, எவ்வளவு அடிப்பது? படைப்புழு மருந்தோடு கலந்து ஒரே தெளிப்பாக முடிக்கலாமா? இப்போது செடியில் கழுத்து விரிந்த இலை (தண்டோடு சேரும் இடம் வெளியே தெரியும் இலை) எட்டு இருக்கிறது.

கணுவிடை:
உயரம் வேறு, மகசூல் வேறு. செடிக்கு ஆறு இலை வருவதற்குள் மொத்தம் எத்தனை இலை என்பது குருத்துக்குள் முடிவாகிவிடும். எத்திபான் அந்த எண்ணிக்கையைத் தொடாது. இலைத் திசுவுக்குள் போனதும் சிதைந்து எத்திலீன் வாயுவை விடுகிறது, அந்த நேரத்தில் நீண்டுகொண்டிருக்கும் கணுவிடைகள் (இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள தண்டுத் துண்டுகள்) மட்டும் குட்டையாக நின்றுவிடுகின்றன. எந்தக் கணுவிடை என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 7–8 இலையில் அடித்தால் கதிருக்குக் கீழே உள்ளவை சுருங்கும், கதிர் இறங்கும், தண்டின் அடி தடிக்கும். 12 இலைக்கு மேல் அடித்தால் கதிருக்கு மேலே உள்ளவைதான் சுருங்கும். கதிர் இருந்த உயரத்திலேயே இருக்க, மேல் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கதிர் இலைக்கு வெயிலை மறைக்கும். கேடு மட்டும்தான் மிச்சம்.

உங்கள் பயிரில் எனக்கு உறுத்துவது 2.8 மீட்டர் அல்ல, 1.5 மீட்டர். கதிர் பாதி உயரத்தைத் தாண்டி நிற்கிறது. கனமான பொருள் மேலே இருந்தால் காற்றுக்குத் தண்டு நெம்புகோல் மாதிரி ஆகிவிடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: சாயாத வயலில் எத்திபான் மகசூலைக் கூட்டாது, சில சமயம் கொஞ்சம் குறைக்கும். லாபம் எல்லாம் சாய்வைத் தடுப்பதில்தான்.

மணிக்கதிர்:
அளவுக்கு வருகிறேன். முதலில் உங்கள் பகுதியில் மக்காச்சோளத்துக்கு எத்திபான் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள். லேபிள் அளவுதான் முடிவு. கணக்குப் போடும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு: ஹெக்டேருக்கு 180 கிராம் செயல்மூலப்பொருள் (புட்டியில் உள்ளதில் எத்திபான் மட்டும்) என்று வைத்துக்கொள்வோம். புட்டியில் லிட்டருக்கு 480 கிராம் என்று இருந்தால் 375 மில்லி. 450 லிட்டர் தண்ணீரில், அதாவது 15 லிட்டர் டேங்க்குக்கு 12.5 மில்லி, 30 டேங்க். சில புட்டிகளில் 39 சதவீதம் என்று எடைக் கணக்கில் போட்டிருப்பார்கள். மருந்து தண்ணீரைவிடக் கனமானது என்பதால் அதை நூறு மில்லிக்கு 39 கிராம் என்று எடுத்துக்கொண்டால் அளவு கூடிப்போகும்.

படைப்புழு மருந்தோடு கலக்காதீர்கள். எத்திபான் புட்டிக்குள் கடும் அமிலமாக இருப்பதால்தான் கெடாமல் இருக்கிறது. காரத்தன்மையுள்ள தண்ணீரோ மருந்தோ சேர்ந்தால் டேங்க்கிலேயே எத்திலீன் வெளியேறி வீணாகும். முதலில் தண்ணீர், பிறகு மருந்து, கலந்த உடனே தெளிப்பு. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

அடிக்கடி நடக்கும் தவறு, தெளித்த வரிசையிலேயே மறுபடி நாசிலைக் கொண்டுபோவது. அந்த இடத்தில் இரட்டை அளவு விழுந்து செடி முடங்கும், கதிர் சிறுக்கும், நுனியில் மணி பிடிக்காது. வாடிய பயிருக்கு அடிக்கவே கூடாது. உச்சி வெயிலில் எத்திலீன் வேகமாக வெளியேறும் என்பதால் மாலை நல்லது.

குளோர்மெக்குவாட் என்ற இன்னொரு குட்டையாக்கும் மருந்தைக் கோதுமையில் பார்த்துவிட்டு இங்கே முயல்பவர்கள் உண்டு. மக்காச்சோளம் அதற்குப் பெரிதாக மசியாது. பேக்ளோபியூட்ரசால் வேலை செய்யும், ஆனால் மண்ணில் தங்கி அடுத்த பயிரையும் குட்டையாக்கும்.

வேர்ப்பிடிப்பு:
மருந்துக்கு முன்னால் ஒரு கேள்வி. சாயும் செடி எங்கே வளைகிறது? அடித்தண்டு ஒடிந்து மடிந்தால் நெருக்கம், தழைச்சத்து மிகுதி, சாம்பல்சத்துக் குறைவு, தண்டழுகல் என்று தேடுங்கள். தண்டு நேராக இருந்து வேரோடு சாய்ந்தால் தாங்குவேர் பலவீனம் அல்லது ஈர மண். மண் இளகி நிற்கும்போது செடியைக் குட்டையாக்குவது பாதி உதவிதான்.

கோதுமையில் குட்டை ரகம் மகசூலை உயர்த்தியது, வைக்கோலுக்குப் போனது மணிக்குத் திரும்பியதால். நவீன மக்காச்சோளக் கலப்பினங்களில் மொத்த எடையில் ஏறக்குறைய பாதி ஏற்கெனவே மணிதான். இங்கே குட்டைத் தண்டின் பலன், அதிகச் செடி வைத்தாலும் நிற்கும் என்பது. பிராக்கிட்டிக்-2 மரபணு மாற்றமுள்ள செடிகளில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழிறங்குவது தடைபட்டு அடிக்கணுவிடைகள் சுருங்கும். அதே வேலையை விதையே செய்துவிடும், தெளிப்பு நாள் தவறுமோ என்ற கவலையும் இல்லை. நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் கதிர் தாழ்வாக நிற்கும் ரகம் தேடுங்கள்.

கணுவிடை:
ஒரு சந்தேகம். அந்த எட்டு இலையை எப்படி எண்ணினீர்கள்? அடி இலைகள் இதற்குள் காய்ந்து உதிர்ந்திருக்கும். ஒரு செடியை வேரோடு பிடுங்கித் தண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். அடியில் நான்கு கணுக்கள் ஒட்டி நெருக்கமாக இருக்கும். அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டர் அளவில் முதல் இடைவெளி தெரியும். அதன் மேல்முனைக் கணுவில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் ஐந்தாவது இலை. அங்கிருந்து மேலே எண்ணுங்கள்.

சோளத்தட்டை:
பத்துச் செடி பிளந்து பார்த்தேன். ஏழில் பதினொன்று, மூன்றில் பத்து. அடி இலைகள் போயிருப்பதைக் கவனிக்கவில்லை. முன்பு சாய்ந்த தட்டைகள் எல்லாம் தண்டு ஒடிந்தவை.

மணிக்கதிர்:
அப்படியானால் இந்தப் பயிருக்கு அடிக்க வேண்டாம். இப்போது கதிரில் ஒரு வரிசைக்கு எத்தனை மணி என்பது முடிவாகும் காலம். எத்திலீன் அங்கேதான் கை வைக்கும். மணி முற்றியதும் வாரம் ஒருமுறை அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பத்தில் இரண்டு அமுங்கினால் காயும்வரை நிறுத்தி வைக்காமல், ஈரம் 25 சதவீதத்தில் இருக்கும்போதே அறுத்துக் களத்தில் உலர்த்துங்கள். அடுத்த பருவத்தில் 7 இலையில் அடிப்பதாக இருந்தால் நடுவில் ஆறு வரிசையை அடிக்காமல் விட்டு, இரண்டையும் ஒரே ஈரப்பதத்துக்குக் கொண்டுவந்து எடை போடுங்கள்.