பள்ளி பஸ் பிரச்சினை: அனுபவம் உள்ள பெற்றோர் உதவுங்கள்

வணக்கம். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பத்து நாளாக ஸ்கூல் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று அழுகிறாள். பின் சீட்டுப் பெரிய பையன்கள் சின்னப் பிள்ளைகளின் பையைப் பிடுங்கி, ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "போடவா?" என்று மிரட்டுகிறார்களாம். சத்தம் தாங்காமல் ஓட்டுநர் திடீர் பிரேக் போட்டு அடக்கப் பார்க்கிறார். நேற்று அப்படிப் போட்டதில் முன் கம்பியில் இடித்து இவள் உதடு கிழிந்துவிட்டது.

தமிழ்நாட்டில் 2012-இல் வந்த பள்ளிப் பேருந்துச் சிறப்பு விதிகளின்படி உதவியாளர் கட்டாயம். எங்கள் பஸ்ஸில் ஆயாம்மா பாதி நாள் வருவதே இல்லை. சாலையைப் பார்க்க வேண்டிய ஓட்டுநர் தனியாக நாற்பது பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பார்? அதற்காக பிரேக்கால் தண்டிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பள்ளியில் சொன்னேன். பார்க்கிறோம் என்றார்கள், அப்புறம் பதில் இல்லை. எழுத்தில் புகார் கொடுத்தால் முதலில் பள்ளிக்கா, ஆர்டிஓ அலுவலகத்துக்கா? கொடுத்தவர்கள் இருந்தால், என்ன நடந்தது என்று சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கத் தயக்கமாக இருக்கிறது, அந்தப் பையன்களும் பிள்ளைகள்தானே. புகாருக்குப் பிறகு பஸ்ஸில் என் மகளை யாரும் குறிவைக்காமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்? திங்கட்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும்.