நார்ச்சத்தைக் கூட்டியபின் உடலில் என்ன மாறியது? அனுபவங்களைப் பகிருங்கள்

எனக்கு இரண்டாம் வகை நீரிழிவு. விரலில் குத்திப் பார்க்கும் கருவி வீட்டில் இருக்கிறது. காலையில் வெள்ளை ரொட்டியை நிறுத்திவிட்டு அவித்த பருப்பும் காய்களும் சாப்பிடத் தொடங்கியபின், இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவு தெளிவாகவே இறங்கியது. அது எதிர்பார்த்ததுதான். வியப்பு மதியத்தில் வந்தது. மதிய உணவை நான் மாற்றவே இல்லை. ஆனாலும் அதற்குப் பின் வரும் ஏற்றமும் தணிந்தது. மருத்துவரிடம் கேட்டேன். காலையில் பருப்பு சாப்பிட்டால் அதன் பயன் அடுத்த வேளைக்கும் நீள்வது 1980களிலேயே ஆய்வுகளில் தெரிந்ததாம். 'இரண்டாம் வேளை விளைவு' என்கிறார்கள். பருப்பில் புரதமும் உண்டு, எல்லாப் பெருமையையும் நாருக்கே கொடுத்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். கரையும் நார் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு கூழாகி, இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. அதனால் குளுக்கோஸ் ஒரே மூச்சில் இரத்தத்துக்குள் பாய்வதில்லை. உங்களில் யாருக்காவது மதிய அளவும் இப்படி இறங்கியிருக்கிறதா?

* * *

மதிய அளவை நான் பார்த்ததில்லை. பசியைப் பற்றிச் சொல்கிறேன். இரவுப் பணியில் இருப்பதால் நள்ளிரவுப் பசி எனக்கு நன்றாகப் பழக்கம். பழச்சாறு குடித்த இரவுகளில் சிறிது நேரத்திலேயே மறுபடி எதையாவது தேடுவேன். அதே பழத்தைத் தோலோடு கடித்துத் தின்றால் அந்தத் தேடல் இல்லை. 1977இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் படித்தபோது காரணம் விளங்கியது. ஒரே அளவு கார்போஹைட்ரேட் இருக்கும்படி முழு ஆப்பிள், மசித்த ஆப்பிள், ஆப்பிள் சாறு என மூன்று விதமாகக் கொடுத்திருக்கிறார்கள். முழு ஆப்பிளைத் தின்பதைவிடச் சாற்றை 11 மடங்கு வேகமாகக் குடித்து முடித்தார்களாம். வயிறு நிறைந்த உணர்வு சாற்றில்தான் மிகக் குறைவு. இன்சுலினும் முழுப் பழத்தைவிட அதிகமாகச் சுரந்திருக்கிறது. மெல்லும் நேரமும் நாரின் வேலையில் ஒரு பகுதி என்றே நான் நம்புகிறேன். ஆகவே பழத்தைப் பிழிய வேண்டாம், கடித்தே சாப்பிடுங்கள்.

* * *

என் அம்மாவுக்கு நாள்பட்ட மலச்சிக்கல். நார்ச்சத்து சேர்க்கச் சொன்னார்கள், கோதுமைத் தவிடு சேர்த்தோம். வயிறு உப்பி, இறுக்கம் இன்னும் கூடியது. இரவில் எழுந்து சிறுநீர் கழிக்க வேண்டுமே என்ற பயத்தில் அவர் தண்ணீரை மிகவும் குறைத்துக்கொண்டிருந்தார் என்பது மெல்லத்தான் தெரிந்தது. நார் மலத்தை இளக்குவது தண்ணீரைப் பிடித்து வைப்பதால்தான். பகலிலேயே தண்ணீர் குடிக்க வைத்தோம், தவிட்டைச் சிறிய அளவிலிருந்து மறுபடி தொடங்கினோம், இப்போது சிரமமில்லை. வயதானவர்களிடம் "நார் சாப்பிடுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று தயவுசெய்து கேளுங்கள்.

* * *

எரிச்சல் குடல் நோய் உள்ள எனக்குத் தவிடு ஒத்துவரவே இல்லை. இசப்கோல் என்ற விதைத்தோல் நார் ஒத்துக்கொண்டது, அதையும் வாரக்கணக்கில் மெதுவாகத்தான் கூட்டினேன். பெருங்குடல் நுண்ணுயிரிகள் நாரை நொதிக்க வைக்கும்போது வாயு வருவது இயல்பு. அதே நொதித்தலில்தான் குடற்சுவரின் செல்களுக்கு உணவாகும் பியூட்ரேட் என்ற அமிலமும் உண்டாகிறது. எனவே கொஞ்சம் உப்புசம் வந்தால் அளவைக் குறைத்துப் பாருங்கள், முழுவதும் கைவிட்டுவிடாதீர்கள்.

* * *

மருந்தகத்தில் பணிபுரிகிறேன். இசப்கோலை மாத்திரையோடு சேர்த்து விழுங்குபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அது சில மருந்துகள் உடலில் சேர்வதைக் குறைக்கும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஒரு குவளை நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும், இல்லையென்றால் தொண்டையிலேயே வீங்கி அடைத்துக்கொள்ளலாம். விழுங்கச் சிரமப்படுபவர்களும் குடல் சுருக்கம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். முதலில் எழுதிய நண்பருக்கு: நீங்கள் இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தால், இறங்கிய அந்த அளவுகளை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தின் அளவை அவர் குறைக்க வேண்டியிருக்கலாம்.